தில்லியில் வரலாறு படிக்கப் போகும் தமிழ் மாணவருக்கு: நெகிழ்வான கலைப் பட்டத்தில் தாள்களைத் தேர்ந்து கோக்கும் வழி

கலை, மானுடவியல் துறைகளில் இன்று தில்லியில் கிடைக்கும் இளநிலைப் பட்டங்கள் முன்பு போல ஒரே துறைக்குள் மாணவரைக் கட்டிப் போடுவதில்லை. வரலாற்றை முதன்மையாகக் கொண்டவர் அரசியலறிவியலையும் மொழியையும் உளவியலையும் கணினித் திறன் தாளையும் சேர்த்துப் படிக்கலாம். இடையில் ஓராண்டு வேலைக்குப் போய்விட்டுத் திரும்பி வரலாம். ஒரு பல்கலைக்கழகத்தில் ஈட்டிய கிரெடிட்டை, அதாவது முடித்த தாள்களுக்குக் கிடைக்கும் படிப்பளவுப் புள்ளிகளை, இன்னொன்றுக்கு எடுத்துச் செல்லவும் சட்டப்படி வழியுண்டு. ஆனால் தாள்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மாணவர் கைக்கு வந்த அளவுக்கு, தேர்ந்தெடுத்தவற்றை ஒன்றோடொன்று கோத்துத் தரும் பொறுப்பை எவரும் ஏற்றுக்கொள்ளவில்லை. அந்தக் கோப்பு இல்லாவிட்டால் நான்காண்டு முடிவில் கையில் இருப்பது மதிப்பெண் பட்டியல் மட்டுமே, வரலாற்றுப் படிப்பு அல்ல என்பது என் உறுதியான கருத்து. தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகளில் பன்னிரண்டாம் வகுப்பை முடிப்பவர்கள், வேலையில் இருந்துகொண்டே பட்டம் பெற நினைப்பவர்கள், படிப்பை இடையில் விட்டுவிட்டுத் திரும்ப விரும்பும் பெண்கள் ஆகியோரை மனத்தில் வைத்து, இந்த வழிகாட்டியைப் படிப்படியாக எழுதுகிறேன்.

முதல் படி: எந்த வாசல் என்று முடிவு செய்தல்

தில்லியில் வரலாற்றுக்குள் நுழைய ஐந்தாறு வாசல்கள் உள்ளன, அவற்றுக்குள் வேறுபாடு பெரிது. தில்லிப் பல்கலைக்கழகத்தின் நேரடிக் கல்லூரிகளில் வரலாற்றையே முதன்மையாகப் படிக்கும் வரலாறு ஆனர்ஸ் ஒரு வகை; பி.ஏ. புரோகிராம் என்று அழைக்கப்படும் பட்டத்தில் வரலாற்றோடு இன்னொரு துறையை இணையாகப் படிப்பது மற்றொரு வகை. வரலாறும் அரசியலறிவியலும் சேர்ந்த இணை பரவலாகக் கிடைக்கிறது என்றாலும், எந்த இணை கிடைக்கும் என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். ஜாமியா மில்லியா இஸ்லாமியாவில் துறையின் பெயரே வரலாறு மற்றும் பண்பாட்டுத் துறை. காஷ்மீரி கேட்டில் அம்பேத்கர் பல்கலைக்கழகத்திலும் வரலாறு ஆனர்ஸ் உண்டு. முகலாய இளவரசர் தாரா ஷிகோவின் நூலகம் இருந்த கட்டடம் அந்த வளாகத்தை ஒட்டி நிற்கிறது, அங்கே இப்போது பிரிவினை அருங்காட்சியகம் இயங்குகிறது.

நாள்தோறும் கல்லூரிக்குப் போக முடியாதவர்களுக்கு மூன்று வழிகள். 1962இல் அஞ்சல்வழிக் கல்வியாகத் தொடங்கிய, தில்லிப் பல்கலைக்கழகத்தின் திறந்தநிலைக் கற்றல் பள்ளியில் வரலாற்றை பி.ஏ. புரோகிராமின் ஒரு துறையாகப் படிக்கலாம். தில்லியில் குடியிருக்கும் பெண்களுக்கு மட்டும், அதே பல்கலைக்கழகத்தின் கல்லூரி சாராப் பெண்கள் கல்வி வாரியம் வார இறுதி வகுப்புகள் நடத்துகிறது. மூன்றாவது, 1985இல் நிறுவப்பட்டு மைதான் கடியில் தலைமையகம் கொண்ட இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், எல்லோர் வாயிலும் இக்னோ. ஜனவரி, ஜூலை என ஆண்டுக்கு இரு முறை அங்கே சேரலாம், பி.ஏ.வுக்கு நுழைவுத் தேர்வு கிடையாது; பாட நூல்கள் இணையத்தில் ஈ-ஞானகோஷ் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. நேரடிக் கல்லூரியில் சேர்ந்தவர்கள்கூட அந்தப் பாட நூல்களை இறக்கி வைத்துக்கொள்வது நல்லது. ஒரு தலைப்பில் என்னென்ன வாதங்கள் உள்ளன என்பதை எளிய ஆங்கிலத்திலோ இந்தியிலோ சுருக்கமாகப் பார்க்க அவற்றைவிட மலிவான வழி இல்லை.

வேலையும் குடும்பமும் இல்லாத பதினெட்டு வயதினருக்கு நேரடிக் கல்லூரியையே பரிந்துரைப்பேன். வரலாறு என்பது சக மாணவரோடு மறுத்துப் பேசிப் பேசிப் பழகும் படிப்பு. டியூட்டோரியல் வகுப்பில் பத்துப் பேர் நடுவில் உங்கள் வாதத்தை ஒருவர் உடைக்கும்போதுதான் சான்று என்றால் என்ன என்பது விளங்குகிறது. தொலைநிலையில் படிப்பவர் அந்தச் சூழலை வேறு எங்காவது தேடிக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் படி: கிரெடிட் கணக்கைக் கையில் எடுத்தல்

தில்லிப் பல்கலைக்கழகத்தில் 2022 முதல் நடப்பிலுள்ள இளநிலைப் பாடத்திட்டச் சட்டகத்தின்படி ஒரு பருவத்துக்கு 22 கிரெடிட். எட்டுப் பருவத்துக்கு 176. முதல் ஆண்டோடு 44 கிரெடிட்டில் நின்றால் சான்றிதழ், 88இல் டிப்ளமோ, 132இல் மூன்றாண்டுப் பட்டம், 176இல் நான்காண்டு ஆனர்ஸ். இடையில் வெளியேறியவர் மூன்றாண்டுகளுக்குள் திரும்பி வரலாம். மொத்தப் படிப்பையும் ஏழாண்டுக்குள் முடிக்க வேண்டும். ஈட்டிய கிரெடிட்டுகள் 2021இல் தொடங்கிய கிரெடிட் வங்கியில் பதிவாகின்றன. அந்தக் கணக்கு எண்ணைச் சேர்க்கையின்போதே உருவாக்கி, பெயர் எழுத்துகள் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தமிழ்ப் பெயர்களில் இனிஷியல் முன்னால் வருவதும், வட இந்தியப் படிவங்கள் குடும்பப் பெயரைக் கேட்பதும் சேர்ந்து செய்யும் குழப்பம் தில்லித் தமிழர் எல்லோரும் அறிந்ததே.

ஆனர்ஸ் மாணவரின் ஒரு பருவத்தில் 22 கிரெடிட் எப்படிப் பிரிகிறது என்று பாருங்கள். வரலாற்று மையத் தாள்கள் மூன்று, ஒவ்வொன்றும் 4 கிரெடிட், ஆக 12. பிற துறையிலிருந்து தேர்ந்தெடுக்கும் பொது விருப்பத் தாள் 4. மொழி அல்லது சுற்றுச்சூழல் தாள், திறன் தாள், மதிப்புக் கல்வித் தாள் ஆகியவை தலா 2. அதாவது படிப்பின் பாதிக்குச் சற்று மேல்தான் வரலாறு. மீதி உங்கள் தேர்வு. வேறொரு துறையின் ஏழு பொது விருப்பத் தாள்களை எடுத்து 28 கிரெடிட் சேர்த்தால் அந்தத் துறை உங்கள் மைனராக, அதாவது துணைத் துறையாக, பட்டச் சான்றில் வரும். எனவே முதல் பருவத்தில் நண்பர்கள் எடுக்கிறார்கள் என்பதற்காக ஒன்றும், இரண்டாம் பருவத்தில் எளிதென்று கேள்விப்பட்டதற்காக ஒன்றும் எடுப்பவர் மைனர் இல்லாமலே முடிக்க நேரும்.

தொலைநிலை மாணவருக்குக் கணக்கு வேறு. இக்னோவில் ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேரப் படிப்பு. ஆறு மாதப் பருவத்தில் 4 கிரெடிட் தாள்கள் நான்கை எடுத்தால் 480 மணி நேரம், 26 வாரங்களுக்குப் பிரித்தால் வாரத்துக்குப் பதினெட்டு மணிக்கும் மேல். துவாரகாவிலிருந்து நொய்டாவுக்கு மெட்ரோவில் போய் வரும் ஒருவர் இதை எங்கிருந்து எடுப்பார் என்பதைச் சேரும் முன்பே தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். மெட்ரோ நேரத்தில் பாட நூலைப் படிக்க முடியும். அசைன்மென்ட் எழுத முடியாது. மொத்த மதிப்பெண்ணில் 30 விழுக்காடு அசைன்மென்ட், 70 விழுக்காடு பருவ இறுதித் தேர்வு என்பதால் ஞாயிற்றுக்கிழமைகளை எழுத்துக்கே ஒதுக்கி வைப்பது சரி.

மூன்றாம் படி: நுழைவுத் தேர்வு

நேரடிக் கல்லூரிகளுக்கு 2022 முதல் மத்தியப் பல்கலைக்கழகப் பொது நுழைவுத் தேர்வு கட்டாயமாகிவிட்டது; க்யூட் என்று சொல்லப்படுவது அதுதான். தமிழ் உட்பட 13 மொழிகளில் வினாத்தாளைப் பெறலாம். சரியான விடைக்கு 5 மதிப்பெண், தவறுக்கு 1 குறையும். தில்லியில் ஆங்கில வழியில் படித்தவர்கள் தமிழ் வினாத்தாளைத் தேர்ந்தெடுப்பதால் பயன் இல்லை. தமிழகத்தில் தமிழ் வழியில் படித்துவிட்டு வருபவர்களுக்கு அது உதவும். பன்னிரண்டாம் வகுப்பில் படித்த பாடங்களையே தேர்வுப் பாடங்களாக எடுப்பதும், விரும்பும் பட்டத்துக்கு எந்தப் பாடச் சேர்க்கை செல்லும் என்பதை அந்த ஆண்டின் சேர்க்கைக் குறிப்பேட்டில் பார்த்துக்கொள்வதும் போதும்.

நான்காம் படி: முதுகெலும்பாக ஒரு கேள்வி

இதுவரை சொன்னவற்றை அலுவலக உதவியாளர் ஒருவரும் சொல்லிவிடுவார். இங்கிருந்துதான் படிப்பு தொடங்குகிறது.

தில்லிப் பல்கலைக்கழக வரலாறு ஆனர்ஸில் இந்திய வரலாறு தொடக்க காலத்திலிருந்து இருபதாம் நூற்றாண்டு வரை பல தாள்களாகப் பகுக்கப்பட்டுப் பருவம்தோறும் வருகிறது. கூடவே பண்டைய உலகின் சமூக அமைப்புகள் போன்ற உலக வரலாற்றுத் தாள்கள். ஒவ்வொரு பருவமும் முந்தையதை மறக்கச் செய்யும் வேகத்தில் ஓடும். இதற்கு மாற்று, எட்டுப் பருவத்தையும் ஊடுருவிச் செல்லும் ஒரு கேள்வியை முதலாண்டு முடிவுக்குள் வைத்துக்கொள்வது. அது பெரிய கேள்வியாக இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு காலத்திலும் திரும்பக் கேட்கக்கூடியதாக இருந்தால் போதும். நீரை யார் பங்கிட்டார்கள்? எழுதத் தெரிந்தவர்கள் யார், அவர்களுக்கு யார் கூலி கொடுத்தார்கள்? ஓர் அரசு தன் தலைநகரிலிருந்து எவ்வளவு தொலைவு வரை மெய்யாகவே ஆண்டது?

கடைசிக் கேள்வியையே எடுத்துக்கொள்வோம். அசோகரின் இரண்டாம், பதின்மூன்றாம் பாறைச் சாசனங்கள் சோழரையும் பாண்டியரையும் தம் எல்லைக்கு அப்பாலுள்ளவர்களாகச் சொல்கின்றன. மௌரிய அரசின் எல்லையை அதன் வாயாலேயே கேட்கும் இடம் அது. சோழர் காலத்துக்கு வந்தால், வரலாற்றறிஞர் நீலகண்ட சாஸ்திரி வரைந்து காட்டிய வலுவான நடுவண் அரசுக்கு எதிராக, 1980இல் பர்ட்டன் ஸ்டைன் சோழ அரசை, நாடு எனப்பட்ட ஊர்த்தொகுதிகள் கூறுகளாக அமைந்த ஓர் அமைப்பாக, சடங்கு அளவிலேயே மன்னருக்குக் கட்டுப்பட்டதாக வாதிட்டார். நொபோரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் கல்வெட்டுகளை எண்ணிக் கணக்கிட்டு அந்த வாதத்தை மறுத்தார்கள். சுல்தான்கள் காலத்தில் அலாவுதீன் கில்ஜியின் தளபதி மாலிக் காபூர் 1311இல் மதுரை வரை வந்து திரும்புகிறார். கால் நூற்றாண்டுக்குள் மதுரையில் தனிச் சுல்தானகமே உருவாகித் தில்லியிலிருந்து விடுபடுகிறது. காலனி காலத்தில் அதே கேள்வி சிம்லாவுக்கும் தில்லிக்கும் இடையே ஆண்டுதோறும் இடம்பெயர்ந்த ஓர் அரசாங்கத்தைப் பற்றியது ஆகிறது. ஒரே கேள்வி, நான்கு தாள்கள். இப்படிப் படித்தவருக்கு ஆறாம் பருவத்தில் முதல் பருவக் குறிப்புகள் மீண்டும் தேவைப்படும். தேவைப்படுவதை யாரும் மறப்பதில்லை.

ஐந்தாம் படி: துணைத் தாள்களும் மொழிகளும்

கேள்வி கையில் இருந்தால் துணைத் தாள்களைத் தேர்ந்தெடுப்பது எளிது. அரசின் எல்லை பற்றிக் கேட்பவருக்கு அரசியலறிவியலும் புவியியலும் உதவும். எழுத்தைப் பற்றிக் கேட்பவருக்கு மொழியியலோ இலக்கியமோ உதவும். திறன் தாள்களில் தரவு அட்டவணை கையாளுதல் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். ஆயிரக்கணக்கான கல்வெட்டுகளை வகைப்படுத்த அதுவே கருவி. உளவியலை மைனராக எடுப்பது இன்றைய வழக்கம். ஏன் என்று கேட்டால் பிடித்திருக்கிறது என்பார்கள். பிடித்திருப்பது நல்ல காரணம்தான், ஆனால் ஒரு 4 கிரெடிட் தாளுக்குப் போதுமானது, ஏழு தாளுக்குப் போதாது.

மொழியில் கவனம் தேவை. தில்லிப் பல்கலைக்கழகத்தில் தேர்வை ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுதலாம்; தமிழில் எழுத இயலாது. ஆகவே தில்லித் தமிழ் மாணவர்கள் தமிழை வீட்டோடும் கோயிலோடும் விட்டுவிட்டு வகுப்புக்கு வருகிறார்கள். இது பெரிய இழப்பு. தில்லி வகுப்பறையில் பாரசீகம் ஓரளவு அறிந்தவர் கிடைப்பார், சமஸ்கிருதம் படித்தவர் கிடைப்பார். இந்தியக் கல்வெட்டுகளில் பெரும்பகுதி தமிழில் இருந்தும், ஒரு தமிழ்க் கல்வெட்டை எழுத்துக்கூட்டி வாசிக்கக்கூடிய மாணவர் அரிது. அந்த அரிய ஆளாக இருப்பதற்கு உங்களுக்குத் தேவையானது, அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளுள் ஒன்றாகத் தமிழை மொழித் தாளில் எடுக்கும் வாய்ப்பு உங்கள் கல்லூரியில் இருக்கிறதா என்று கேட்பதும், இல்லையென்றால் தனியாகப் படிப்பதும்தான். நவீன இந்திய மொழிகள் துறையில் தமிழ் உண்டு. சாகித்திய அகாதெமியின் நூலகம் மண்டி ஹவுஸ் அருகே ரவீந்திர பவனில். ராமகிருஷ்ணபுரத்தில் தில்லித் தமிழ்ச் சங்கத்தின் நூலகம். வடிவேலு வசனத்தில் தேறிய தமிழும் மன்னர் புகழ் பாடும் கல்வெட்டு முன்னுரையான மெய்க்கீர்த்தியைத் தொடப் போதும், இரண்டு பருவம் பொறுத்தால்.

அதற்கு மேல் ஒரு மொழியைக் கூட்டிக்கொள்ள எண்ணினால், உங்கள் கேள்வியைப் பார்த்து முடிவு செய்யுங்கள். 14ஆம் நூற்றாண்டு மதுரையைப் பற்றி மூன்று மொழிகளில் மூன்று குரல்கள் உள்ளன. காபூரின் படையெடுப்பை அலாவுதீன் கில்ஜியின் புகழாகப் பாரசீகத்தில் எழுதிய அமீர் குஸ்ரோ. சுல்தானகத்தை வென்ற தன் கணவர், விஜயநகர இளவரசர் குமார கம்பணரின் போரைச் சமஸ்கிருதக் காவியமாகப் பாடிய கங்காதேவி. அதே காலத்தின் அலைக்கழிப்பைத் தமிழில், திருவரங்கக் கோயிலின் பக்கமிருந்து சொல்லும் கோயிலொழுகு. மூன்றும் மூன்று நோக்கத்தோடு எழுதப்பட்டவை, எதையும் அப்படியே நம்ப இயலாது, எதையும் தள்ளவும் இயலாது. மொழிபெயர்ப்பில் மூன்றையும் படிக்கலாம்; மூலத்தில் ஒன்றையாவது படிப்பவர், மொழிபெயர்ப்பாளர் எங்கே அலங்காரத்தைச் சுருக்கினார் என்பதைக் கண்டுபிடிப்பார். பாரசீகத்தில் சான்றிதழ்ப் படிப்பு தில்லிப் பல்கலைக்கழகத்திலேயே இருக்கிறது. 2022 முதல் ஒரு நேரடிப் படிப்போடு தொலைநிலைப் படிப்பு ஒன்றையும் ஒரே காலத்தில் படிக்கப் பல்கலைக்கழக மானியக் குழு அனுமதிப்பதால் இக்னோவின் மொழிச் சான்றிதழ்களையும் பார்க்கலாம்.

ஆறாம் படி: மூலச் சான்றைப் படிக்கும் முறை

வாசிப்புப் பட்டியல் நீளமாக இருக்கும். எல்லாவற்றையும் படிப்பதாக உறுதி எடுக்காதீர்கள். ஒரு தலைப்புக்கு ஒரு பொது நூல், ஒன்றையொன்று மறுக்கும் இரண்டு கட்டுரைகள், ஒரு மூலச் சான்று: இந்த நான்கும் ஒழுங்காகப் படித்தால் போதும். மூலச் சான்றை எப்படிப் படிப்பது என்பதற்கு ஒரு மாதிரியைக் காட்டுகிறேன்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் இரண்டாம் தொகுதியில் தமிழ் மூலத்தோடும் ஆங்கில மொழிபெயர்ப்போடும் அச்சாகியுள்ளன. தொடக்கத்திலேயே, தன் 26ஆம் ஆட்சியாண்டில் இருமடிசோழன் என்னும் மாளிகையின் கீழைத் திருமஞ்சனசாலையில் இருந்தபடி முதலாம் ராஜராஜன் இட்ட ஆணை வருகிறது: "நாம் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்" கல்லில் வெட்டுக என்று. மேடையில் சொல்லிப் பெருமைப்பட்டுவிட்டு நகர்ந்துவிடும் வரி இது. வரலாற்று மாணவர் நகரக் கூடாது. கொடுத்தவர்களின் வரிசையைக் கவனியுங்கள்: மன்னர், அக்காள் குந்தவை, அரசியர், பிறகு பெயரில்லாத பிறர். இந்த வரிசை மரியாதைக்கானதா, கணக்குக்கானதா? பிறர் யார்? தொகுதியைப் புரட்டினால் அவர்கள் அதிகாரிகள், படைப்பிரிவினர் என்று தெரிய வருகிறது. கொடுத்ததை எழுதி வைக்க வேண்டிய தேவை ஏன் எழுந்தது, யார் பார்க்க எழுதினார்கள்?

அதே கோயிலில் கோயில் பணிக்கு அமர்த்தப்பட்ட நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பட்டியல் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் எந்தச் சேரியில், எந்தச் சிறகில் (தெருவரிசையில்), எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தார் என்பதும், ஒரு பங்குக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல் என்பதும் வெட்டப்பட்டுள்ளன. அந்த ஊர்ப் பெயர்களை ஓர் அட்டவணையில் இட்டு, அடையாளம் காண முடிந்த ஊர்களை வரைபடத்தில் குறித்துப் பாருங்கள். ஒரு மன்னரின் ஆணை எத்தனை ஊர்க் கோயில்களிலிருந்து ஆட்களைப் பெயர்த்துக் கொண்டுவந்தது என்பது கண்முன் விரியும்போது, ஸ்டைனின் வாதத்தோடு உங்களுக்கு உரையாட ஏதோ ஒன்று இருக்கிறது. பெயர்க்கப்பட்ட பெண்களின் விருப்பம் பற்றிக் கல்வெட்டு ஒன்றும் சொல்லவில்லை என்பதையும் எழுதுங்கள். சான்று பேசாத இடத்தைக் காட்டுவதும் இந்தப் படிப்பின் வேலை. நான்கு பக்க அசைன்மென்டுக்கு இது போதும், நூல் நிலையத்துக்கு வெளியே போக வேண்டியதும் இல்லை.

குறிப்பு எடுப்பதைப் பற்றி ஒரு சொல்: நூலாசிரியரின் சொற்களை மேற்கோள் குறிக்குள்ளும், உங்கள் சுருக்கத்தை வெளியேயும், உங்கள் ஐயத்தை வேறு நிற மையிலும் எழுதிப் பழகுங்கள், பக்க எண்ணோடு. மூன்றையும் கலந்து எழுதுபவர் மூன்றாம் ஆண்டில் தாம் அறியாமலே பிறர் வாக்கியத்தைத் தம் பெயரில் தந்துவிடுவார்.

ஏழாம் படி: நகரத்தையே சான்றாக்குதல்

தில்லியில் வரலாறு படிப்பவருக்கு ஊர் தரும் உதவி வேறெங்கும் கிடைக்காதது. ஆனால் குதுப் மினாரைப் படம் எடுத்து வருவது அதில் சேராது. ஒரு பொருளின் முன் ஒரு மணி நேரம் நிற்கப் பழக வேண்டும்.

ஃபெரோஸ் ஷா கோட்லாவில் படியடுக்குக் கட்டடத்தின் உச்சியில் நிற்கும் தூணைச் சொல்வேன். மௌரியர் காலத்து மெருகு இன்னும் கையில் வழுக்கும் அந்த மணற்கல் தூண், ஹரியானாவின் தோப்ராவில் நின்றது. 14ஆம் நூற்றாண்டில் ஃபெரோஸ் ஷா துக்ளக் அதைப் பெயர்த்துக் கொண்டுவந்து தன் புதிய நகரில் நட்டார். அதில் அசோகரின் பிராமி எழுத்துச் சாசனங்கள் ஏழு. ஏழாவது வேறெந்தத் தூணிலும் இல்லை. அதே கல்லில் 12ஆம் நூற்றாண்டுச் சௌகான் மன்னர் விக்ரகராஜனின் சமஸ்கிருதக் கல்வெட்டும் இருக்கிறது. 1837இல் ஜேம்ஸ் பிரின்செப் பிராமியைப் படித்து முடிக்க இத்தூணின் எழுத்துகளைப் படியெடுத்த பிரதிகளும் பயன்பட்டன. பிராமியை யாராலும் வாசிக்க முடியாதிருந்த காலத்தில் ஃபெரோஸ் ஷா அதை ஏன் இத்தனை பாடுபட்டுக் கொண்டுவந்தார்? இன்றும் வியாழக்கிழமைகளில் மக்கள் அங்கே ஜின்களுக்குக் கடிதம் எழுதி வைக்கிறார்கள். ஒரு கல்லை ஐந்து காலங்கள் ஐந்து விதமாகப் பயன்படுத்தியிருக்கின்றன. பண்டைய, இடைக்கால, நவீன என்று தாள்கள் பிரித்து வைத்ததை இந்தத் தூண் சேர்த்து வைக்கிறது. தெற்குத் தில்லியில் ஸ்ரீநிவாஸ்புரி அருகே 1966இல் கண்டறியப்பட்ட அசோகரின் சிறு பாறைச் சாசனமும் இருக்கிறது. பூங்காவுக்குள் கூரை போட்டு வைத்திருக்கிறார்கள், கூட்டமே இராது.

எட்டாம் படி: தேர்வு எழுதுதல்

டியூட்டோரியல் உள்ள 4 கிரெடிட் தாள் ஒன்றுக்குத் தில்லிப் பல்கலைக்கழகத்தில் மொத்தம் 160 மதிப்பெண்: இறுதித் தேர்வுக்கு 90, அகமதிப்பீட்டுக்கு 30, டியூட்டோரியல் தொடர் மதிப்பீட்டுக்கு 40. ஆக 70 மதிப்பெண் வகுப்புக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. விடையை ஆண்டுகளின் வரிசையாகச் சொல்லிச் செல்லும் பள்ளிப் பழக்கம் இங்கே எடுபடாது. வினாவுக்கு உங்கள் விடை என்ன என்பதை முதல் பத்தியில் சொல்லிவிட்டு, அதை மறுக்கும் அறிஞரை நேர்மையாக எடுத்துக்காட்டி, எந்தச் சான்றின் பேரில் நீங்கள் உடன்படவில்லை என்று எழுத வேண்டும். இந்தியில் எழுதுவோருக்கு நல்ல நூல்கள் பல மொழிபெயர்ப்பில் கிடைக்கின்றன. பேச்சில் இந்தி சரளமாக வருவதை வைத்து எழுத்தும் வரும் என்று எண்ணி முடிவு செய்யாதீர்கள். முதல் பருவத்தில் இரண்டு மொழியிலும் ஒரு விடை எழுதி ஆசிரியரிடம் காட்டிவிட்டு ஒன்றில் நிலையுங்கள்.

ஒன்பதாம் படி: மூன்றாண்டா, நான்காண்டா

பெரும்பாலோர் இந்த முடிவை ஆறாம் பருவத்தின் பதற்றத்தில் எடுக்கிறார்கள். ஆட்சிப் பணித் தேர்வுக்குத்தான் வரலாறு எடுத்தேன் என்பவர் மூன்றாண்டில் வெளியேறலாம். வரலாறு அங்கே விருப்பப் பாடமாக உண்டு. ஆனால் ஆட்சிப் பணிப் பயிற்சி மையங்கள் நிறைந்த பழைய ராஜிந்தர் நகரின் பயிற்சிக் குறிப்புகளையும் கல்லூரி வாசிப்பையும் முதலாண்டிலிருந்தே கலந்து படிப்பவர்கள் இரண்டிலும் அரைகுறையாகிறார்கள் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். ஆய்வுக்குப் போக விரும்புவோர் நான்காம் ஆண்டில் தங்குவது நல்லது: மானியக் குழுவின் 2024 சட்டகம் அவர்களுக்கு ஓராண்டு முதுகலைக்கு வழி செய்கிறது, எட்டுப் பருவப் பட்டத்தில் 75 விழுக்காடு பெற்றால் நேரடியாக முனைவர் பட்டத்துக்கும் தகுதியுண்டு. இடையில் ஒரு தொழில் வேண்டும் என்பவர்களுக்கு, தேசிய ஆவணக் காப்பகத்தின் ஆவணவியல் பள்ளி நடத்தும் டிப்ளமோ நம் மாணவர்கள் கண்ணில் படுவதே இல்லை. வேதியியலும் சட்டமும் படித்து, ஆட்சிப் பணியில் இருந்துகொண்டே தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளை ஆராய்ந்த ஐராவதம் மகாதேவனை நினைத்தால், பட்டத்தின் பெயரைப் பற்றி இவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை என்றும் தோன்றும்.

பத்தாம் படி: ஆய்வேடு

நான்காம் ஆண்டில் பருவத்துக்கு 6 கிரெடிட் ஆய்வேட்டுக்கு. தலைப்பை ஆறாம் பருவ விடுமுறையிலேயே பிடித்துவிட வேண்டும், ஏனெனில் காப்பகத்துக்குள் நுழையக் கல்லூரியின் அறிமுகக் கடிதமும் அடையாள அட்டையும் தேவை, விடுமுறையில் கடிதத்தில் கையெழுத்திட ஆள் இராது. 1891இல் கல்கத்தாவில் தொடங்கி இன்று ஜன்பத்தில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தின் அட்டவணைகளையும் பல கோப்புகளையும் அபிலேக் படல் தளத்தில் வீட்டிலிருந்தே தேடலாம். நேரில் போகுமுன் கோப்புகளின் துறைப் பெயர், ஆண்டு, எண் ஆகியவற்றை அங்கே குறித்துக்கொண்டு போனால் ஒரு நாள் மிச்சம். தீன் மூர்த்தி மாளிகை வளாகத்து நூலகத்தில் தலைவர்களின் தனித் தாள்களும் பழைய நாளிதழ்களின் நுண்படச் சுருள்களும் உள்ளன.

தலைப்புக்கு வெகுதூரம் போக வேண்டாம். இந்திய அரசின் செயலகத்தில் எழுத்தர்களாகவும் கணக்கர்களாகவும் வந்த தமிழர்கள் கரோல் பாக்கிலும் பிறகு ராமகிருஷ்ணபுரத்திலும் குடியேறியது, அவர்கள் குழந்தைகளுக்காகப் பள்ளி தொடங்கியது, 1946இல் தமிழ்ச் சங்கம் உருவானது, 1973இல் மலை மந்திர் முருகன் கோயிலில் குடமுழுக்கு நடந்தது: இவற்றுக்கெல்லாம் அரசுக் கோப்பும் உண்டு, சங்க மலரும் உண்டு, உயிரோடு இருக்கும் நினைவும் உண்டு. எண்பது வயதைத் தாண்டிய மாமியிடம் பேசப் போகும்போது "நீங்க எந்த வருஷம் தில்லிக்கு வந்தீங்க?" என்று தொடங்காதீர்கள், ஆண்டு நினைவில் இராது, வெட்கப்பட்டு ஒதுங்கிவிடுவார். முதல் குவார்ட்டர்ஸில் எந்த அறையில் அடுப்பு வைத்தார்கள், அரிசி எங்கே வாங்கினார்கள், பக்கத்து வீட்டில் யார் இருந்தார்கள் என்று கேளுங்கள். பதிவு செய்யும் முன் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். அவர் தமிழிலேயே பேசட்டும். எழுத்துப்படியைத் தமிழில் முழுமையாக எடுத்து, ஆய்வேட்டில் வரும் பகுதியை மட்டும் ஆங்கிலமாக்குங்கள். பின்னிணைப்பில் தமிழ் மூலத்தைச் சேர்ப்பதற்கு மேற்பார்வையாளரிடம் முதல் சந்திப்பிலேயே கேட்டு வைப்பது நல்லது, பக்க வரம்பு பற்றிய பேச்சு கடைசி வாரத்தில் எழாமல் இருக்கும்.